பழைய டிராக்டருக்குக் கைப்பிரஷ்ஷால் பெயிண்ட் அடிப்பது எப்படி? குறைந்த செலவில் முழு வழிகாட்டி

முதல் தடவை நான் அடித்த பெயிண்ட் நாலே மாதத்தில் கியர்பாக்ஸ் அடியிலிருந்து உரிந்து வந்தது. கட்டைவிரல் நகத்தால் ஓர் ஓரத்தை நிமிண்டினேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஏடாகக் கழன்று கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கப் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது. பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். அது இரும்பைப் பிடிக்காமல் பிசுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவ்வளவையும் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டாம் தடவை அடித்தேன். அதே ரகப் பெயிண்ட், அதே பிரஷ். கழுவிய விதம் மட்டும்தான் மாறியது. மூன்று வருஷம் வயல் வேலை பார்த்தும் அந்தப் பெயிண்ட் அசையவில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் அந்த முதல் தடவையைத் தாண்டிப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வேலை செய்கிற வண்டியைத் துருவிலிருந்து காப்பாற்றி, நாலு பேர் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்படி செய்வதற்கான வழி இது. கம்ப்ரஸர், ஸ்ப்ரே துப்பாக்கி, தனி அறை எதுவும் வேண்டாம். ஸ்ப்ரேயில் பாதிப் பெயிண்ட் காற்றில் போகும். பிரஷ்ஷில் வாங்கியது கிட்டத்தட்ட முழுவதும் இரும்பில் சேரும்.

1. டப்பா வாங்கும் முன்: காகிதம், படம், கணக்கு

முதலில் வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நிறம் எழுதியிருந்தால், வேறு நிறம் அடிக்கும் முன் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அடித்த பிறகு போனால் வீண் அலைச்சல். பழைய நிறத்தையே அடிப்பதென்றால் இந்த வேலை இல்லை. என்னைக் கேட்டால் பழைய நிறமே உத்தமம். இடுக்கில் எங்காவது பிரஷ் போகாமல் விட்டாலும் கண்ணில் படாது.

அடுத்து இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் பொறித்த இடங்களைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஒயர்கள், எரிபொருள் குழாய்கள், ஸ்டிக்கர்கள் இருக்கும் இடங்களையும் நாலு பக்கமிருந்தும் எடுங்கள். ஸ்டிக்கருக்கு, ஓரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறியுங்கள். பானட்டைக் கழற்றிய ஐந்தாம் நாள் எந்த ஒயர் எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கணக்குக்கு வருவோம். எனாமல் டப்பாவில் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று போட்டிருப்பார்கள். ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, பெரும்பாலும் 10 சதுர மீட்டரை ஒட்டி இருக்கும். அது வழவழப்பான பரப்புக்குச் சொன்ன கணக்கு. இஞ்சின், ஆக்ஸில் போன்ற சந்துபொந்துக்கு மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் 35 குதிரைத்திறன் வண்டிக்கு பிரைமர் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு) 2 லிட்டர், முக்கிய நிறம் 3 லிட்டர், சக்கரத்துக்கு 1 லிட்டர், சைலன்சருக்குச் சூடு தாங்கும் பெயிண்ட் ஒரு சின்ன டப்பா ஆனது. மொத்தச் செலவில் பெயிண்டும் பிரைமரும் பாதிக்குச் சற்று மேல். மீதி டர்பன்டைன், உப்புத்தாள், பிரஷ், டேப், கையுறை என்று சில்லறை சில்லறையாகப் போனது. பட்ஜெட் போடும்போது எல்லோரும் மறக்கிற பகுதி இதுதான்.

முக்கிய நிறத்தை ஒரே நாளில், ஒரே பேட்ச் நம்பர் பார்த்து வாங்குங்கள். மூன்று டப்பாவையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து, திரும்ப டப்பாக்களில் நிரப்புங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இடது மட்கார்டு ஒரு சாயலிலும் வலது மட்கார்டு இன்னொரு சாயலிலும் நிற்கக்கூடும். பில்லையும், நிறத்தின் பெயரும் எண்ணும் உள்ள டப்பா மூடியின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

என்ன பெயிண்ட் வாங்குவது? எண்ணெய் அடிப்படையிலான சாதாரண சிந்தெடிக் எனாமல். விலை குறைவு, மெதுவாகக் காயும், அதனால் பிரஷ் தடம் தானாகப் பரவி மறைய நேரம் கிடைக்கும். சீக்கிரம் காயும், பளபளப்புக் கூடும் என்று சொல்லிக் கடையில் ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) நீட்டினால் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஐசோசயனேட் இருக்கும். அந்த ஆவி நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

2. கழுவுதல்: மொத்த வேலையில் பாதி இங்கேதான்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். டீசல் பம்ப் உள்ளே இறுகிப்போகலாம். காற்று வடிகட்டியின் வாய், சைலன்சர் வாய், டீசல் டேங்க் மூடியின் காற்றுத் துளை, டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிடுங்கள்.

முதலில் காய்ந்த சுரண்டல். கியர்பாக்ஸ் அடி, பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் கைகள் சேரும் மூலை ஆகிய இடங்களில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து விரல் கனத்துக்குக் கெட்டியாகியிருக்கும். இதைத் தண்ணீரால் கரைக்கப் பார்த்தால் ஒரு நாள் வீண். பழைய பட்டித் தகடும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப் பெயர்த்துவிடுங்கள். எண்ணெய் கசியும் சீல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கசிகிற இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது, எத்தனை கோட் அடித்தாலும் சரி.

பிறகு மண்ணெண்ணெய் அல்லது டீசலைப் பழைய பிரஷ்ஷால் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து எடுங்கள். கீழே தட்டு வைத்து வடிவதைப் பிடியுங்கள், மண்ணில் விடாதீர்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவிக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

நான் முதல் தடவை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டேன். டீசலில் துடைத்த இரும்பு பளிச்சென்று இருந்தது, சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். டீசலும் ஓர் எண்ணெய்தான், தன் பங்குக்கு ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அதை எடுக்கச் சோப்பு வேண்டும். வெந்நீரில் சோப்புத்தூளைத் தாராளமாகக் கரைத்து, நைலான் பிரஷ்ஷால் எல்லா இடத்தையும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள், கியர்பாக்ஸ் அடிக்கு மூன்று முறை. காஸ்டிக் சோடா மட்டும் போடாதீர்கள். இரும்பை அது ஒன்றும் செய்யாது, அலுமினிய உறைகளை அரித்துவிடும்.

இனி சோதனை. கழுவிய இடத்தில் ஒரு கை சுத்தமான தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழிந்தால் பிசுக்கு போய்விட்டது. தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் சோப்பு. என் வண்டியில் ஆயில் ஃபில்டருக்குக் கீழே இருந்த கை அகல இடம் நாலாவது முறைதான் முத்து விடுவதை நிறுத்தியது. அந்த இடத்தில் பொறுமை இழந்திருந்தால் மறுபடி அங்கிருந்துதான் உரிந்திருக்கும்.

முழுதாகக் காய ஒரு நாள் வெயில் வேண்டும். போல்ட் குழிகளிலும் தகடு மடிப்புகளிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும்.

3. சுரண்டுதல், துரு எடுத்தல், தேய்த்தல்

எல்லாப் பழைய பெயிண்டையும் உரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நகத்தால் நிமிண்டியும், சுரண்டியால் கீறியும் வராத பழைய பெயிண்ட் கெட்டியான அடித்தளம். அதைச் சொரசொரப்பாக்கினால் போதும். பொரிந்தது, உரிவது, அடியில் துரு ஊறியது இவற்றை மட்டும் எடுங்கள்.

தேய்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்த தூசியாகப் பறக்கவிட்டால் மூச்சில் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பரைப் பயன்படுத்துங்கள், நல்ல தூசி மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுரண்டிய செதில்களை விரிப்பில் பிடித்து மூட்டை கட்டுங்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். நெருப்பு காட்டிப் பெயிண்டைப் பொசுக்கி எடுக்கும் வழக்கத்தை இதில் செய்யவே கூடாது.

துருவுக்குக் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் தாள். குழிக்குள் இருக்கும் கடைசித் துருவைக் கையால் எடுக்க முடியாது. பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானின் கலந்த துரு மாற்றி கடையில் கிடைக்கும். மெல்லத் தடவினால் சில மணி நேரத்தில் துரு கறுப்பாக மாறி இறுகும். அதன் டப்பாவில் அடுத்து என்ன செய்யச் சொல்லியிருக்கிறதோ அதை அப்படியே செய்யுங்கள், சிலவற்றைக் கழுவ வேண்டும், சிலவற்றைக் கழுவக் கூடாது. உதிராத துருவின் மேலேயே அடிக்கலாம் என்று விற்கும் பெயிண்டுகளும் உண்டு. அவற்றுக்கும் பொருக்குத் துருவை எடுத்தே ஆக வேண்டும்.

பெயிண்டும் வெறும் இரும்பும் சேரும் விளிம்பை 120, பிறகு 220 நம்பர் தாளால் தேயுங்கள். கண்ணை மூடி விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. தட்டினால் எத்தனை கோட் அடித்தாலும் அந்த வரைபடம் பளபளப்பில் தெரியும். மட்கார்டு நெளிவுக்குப் பட்டி வைப்பதானால் வெறும் இரும்பின் மேல் வையுங்கள், பிறகு அதை மறக்காமல் பிரைமரால் மூடுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும்.

4. பெயிண்ட் படக்கூடாத இடங்கள்

டேப் ஒட்ட ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். எண் தகடு, பொறித்த நம்பர்கள், ரப்பர் குழாய்கள், பெல்ட், விளக்குக் கண்ணாடி, மீட்டர், டிப் ஸ்டிக், டேங்க் மூடித் துளை, கியர்பாக்ஸின் காற்றுத் துளை இவை அவசியம் மூட வேண்டியவை. ஹைட்ராலிக் சிலிண்டரிலிருந்து வெளியே வரும் பளபளப்பான தண்டில் ஒரு துளி பெயிண்ட் பட்டுக் காய்ந்தாலும் அது சீலைக் கிழித்துவிடும். பேட்டரியின் எர்த் ஒயர் சேஸிஸில் சேரும் இடம் வெறும் இரும்பாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் தடுமாறும். ரேடியேட்டர் கூட்டைப் பிரஷ்ஷால் தொடாதீர்கள், பெயிண்ட் அடைத்தால் இஞ்சின் சூடேறும்.

கிரீஸ் நிப்பிள்களுக்கு (கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகள்) என் வழி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டுக் கிரீஸ் வைத்துவிடுவது. அடித்து முடித்துத் துணியால் துடைத்தால் பெயிண்டோடு சேர்ந்து வந்துவிடும். ஆனால் அந்தக் கிரீஸ் அக்கம்பக்க இரும்பில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் ஓரத்துக்குப் பழைய அட்டைகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவில் வரிசையாகச் செருகுங்கள், டேப்பை விட இது வேகம்.

5. பிரைமர்

வெறும் இரும்பு தெரிகிற இடமெல்லாம் அன்றைக்கே பிரைமர் பார்க்க வேண்டும். ராத்திரிப் பனியில் விட்டால் காலையில் மஞ்சளாகத் துரு பூத்திருக்கும். டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்து, உலர்ந்ததும் ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடியுங்கள். வெறும் இரும்புக்கு இரண்டு கோட், பழைய பெயிண்டுக்கு ஒன்று. துத்தநாகம் பூசிய தகடோ அலுமினியமோ இருந்தால் அதற்கென்று விற்கும் பிரைமர் தேவை. எனாமலை நேராக அடித்தால் ஒட்டாது.

மேல் நிறம் மஞ்சள் என்றால் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் பிரைமரைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சளும் சிவப்பும் மூடும் சக்தி குறைந்த நிறங்கள். ரெட் ஆக்சைடு மேல் மஞ்சள் அடித்தால் மூன்று கோட்டிலும் அழுக்காகத் தெரியும். அதை மறைக்கக் கூடுதலாக அடிக்கும் ஒரு கோட்டுப் பெயிண்ட் காசு, பிரைமரின் விலை வித்தியாசத்தை விட அதிகம்.

பிரைமர் அடித்துவிட்டு வாரக்கணக்கில் விடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும், மழை பட்டால் அடியில் துரு ஆரம்பித்துவிடும்.

6. மேல் கோட்: பிரஷ் பிடிக்கும் விதம்

நேரம் முக்கியம். வெயில் நேராக விழும் இரும்பில் அடித்தால் பெயிண்ட் பரவும் முன்பே இறுகி, பிரஷ் தடம் அப்படியே நின்றுவிடும், சில இடத்தில் கொப்பளிக்கும். மாலை கடந்து அடித்தால் பனி விழுந்து பளபளப்பு மங்கி வெளுத்துப்போகும். பனி காய்ந்த காலை நேரத்தில், நிழலில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பதுதான் எனக்குச் சரியாக வந்தது. 10 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. காற்றடிக்கும் நாளில் தூசி வந்து ஒட்டும், தரையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்ஷில் கஞ்சத்தனம் வேண்டாம். எண்ணெய்ப் பெயிண்டுக்கு இயற்கை முடிப் பிரஷ். 50 மில்லிமீட்டர் ஒன்று, 25 மில்லிமீட்டர் ஒன்று, இடுக்குக்கு ஒரு சின்னது. புதுப் பிரஷ்ஷை உள்ளங்கையில் தட்டித் தட்டி உதிர்கிற முடியை உதிர்த்து, டர்பன்டைனில் ஒரு முறை அலசிய பிறகு தொடங்குங்கள்.

பெயிண்டைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். குச்சியால் அடிவரை கிளறுங்கள். மேலே ஆடை கட்டியிருந்தால் எடுத்துவிட்டு, பழைய நைலான் துணியில் வடிகட்டுங்கள். தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அதிலிருந்து தொடுங்கள், பெரிய டப்பாவுக்குள் பிரஷ்ஷை விடாதீர்கள். டர்பன்டைன் 5 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கலாம். என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான கரைப்பான்) கலக்கவே கூடாது. பழைய எனாமலை அது கிளப்பிச் சுருங்க வைத்துவிடும்.

முதலில் இஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில். கண்ணில் அதிகம் படாத இடங்களில் கை பழகட்டும். பானட், மட்கார்டு கடைசியில். அவற்றைக் கழற்றி மரக்கட்டை மேல் படுக்கை வசமாக வைத்து அடித்தால் வழிசல் வராது.

பிரஷ்ஷின் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நனையுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி இடமாக எடுத்துக்கொண்டு முதலில் நீளவாக்கில் பரப்புங்கள், பிறகு குறுக்கே இழுத்துச் சமப்படுத்துங்கள். கடைசியாகப் பிரஷ்ஷைப் பெயிண்ட் தொடாமல், முடியின் நுனி மட்டும் படும்படி, ஒரே திசையில், ஈரம் காயாத பக்கத்தை நோக்கி வருடிவிடுங்கள். கையில் பாரமே இருக்கக் கூடாது. வருடி முடித்ததும் கோடுகோடாகத்தான் தெரியும். அதைத் திரும்பத் தொடாதீர்கள். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபடி இருந்தால், கோடுகள் மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கரைந்து கண்ணாடி போல் ஆவது தெரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். இந்த நேரத்தில், இங்கே கொஞ்சம் விட்டுப்போச்சே என்று பிரஷ்ஷை வைத்தால் அந்த இடம் குழம்பி வடுவாகும். விட்டதை அடுத்த கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பானட் போன்ற பெரிய பரப்புக்குச் சின்ன ஃபோம் ரோலரால் பரப்பிவிட்டு, பிரஷ் நுனியால் வருடுவது இன்னும் சீராக வரும்.

பெயிண்ட் சின்னச் சின்ன வட்டமாக விலகி, நடுவில் பிரைமர் கண் போலத் தெரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. மேலே மேலே அடித்து மூடப் பார்க்காதீர்கள், மூடாது. ஈரமாக இருக்கும்போதே டர்பன்டைனால் துடைத்தெடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் திரும்ப அடியுங்கள்.

கனமான ஒரு கோட்டை விட மெல்லிய இரண்டு கோட் நல்லது. கனத்து அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும், பிறகு சுருக்கம் விழும். அடுத்த கோட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று டப்பாவில் இருக்கும், பெரும்பாலும் 16 முதல் 24 மணி. நடுவில் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு அடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பிரஷ்ஷைக் கழுவ வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி வைத்தால் ராத்திரி தாண்டும்.

பெயிண்டும் டர்பன்டைனும் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய்ப் பெயிண்ட் காயும்போது சூடு வெளிவிடும், குவியலில் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

7. சைலன்சரும் சக்கரமும்

சைலன்சரிலும், இஞ்சினிலிருந்து அதற்குப் புகையைக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் சாதாரண எனாமல் கருகி உரியும். சூடு தாங்கும் பெயிண்டையே அடியுங்கள், பிரைமர் இல்லாமல், வெறும் இரும்பில். பெரும்பாலான ரகங்கள் இஞ்சினை ஓட்டிச் சூடேற்றிய பிறகுதான் இறுகும், முதல் தடவை புகையும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம்.

ரிம்மை ஒரே நாளில் முடிக்க முடியாது. பாதி அடித்து, காய்ந்ததும் வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மீதியை அடியுங்கள். சக்கர நட்டுகளை அடிக்கும் முன் கழற்றி மாட்டுவதாக இருந்தால், நட்டு உட்காரும் இடத்தில் கனமாகப் பெயிண்ட் தேங்க விடாதீர்கள். பெயிண்ட் நசுங்கி நட்டு தளரும். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு திரும்ப முடுக்குங்கள்.

8. எத்தனை நாள் ஆகும், எப்போது வேலைக்கு எடுக்கலாம்

எனக்கு, ஒருவர் கையால், கழுவ 3 நாள், சுரண்டவும் தேய்க்கவும் 4 நாள், டேப்புக்கும் பிரைமருக்கும் 2 நாள், மேல் கோட்டுகளுக்குக் காயும் நேரத்தோடு 5 நாள், மாட்டிப் பொருத்த 1 நாள். மழைக்கு இரண்டு நாள் கூட வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்கு முந்தின வாரம் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் வண்டியை எடுத்தால் பிரைமர் வரை செய்த வேலை எல்லாம் புழுதி குடித்துவிடும்.

தொட்டால் ஒட்டாத நிலை அன்றைக்கே வந்துவிடும். உள்ளே இறுக ஒரு வாரம், முழுப் பதத்துக்கு மூன்று நாலு வாரம். அதுவரை பிரஷர் வாஷர் பக்கம் போகாதீர்கள், டீசல் சிந்தினால் உடனே துடையுங்கள். ஸ்டிக்கரை இரண்டு வாரத்துக்கு முன் ஒட்டினால் உள்ளிருந்து வரும் ஆவி அடியில் கொப்பளமாகக் கட்டும். ஆபத்து எச்சரிக்கை ஸ்டிக்கர்களும் இதில் அடக்கம்; பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) உறைமேல் இருந்ததைத் தேய்த்து எடுத்திருந்தால் புதியது வாங்கிக் கட்டாயம் ஒட்டுங்கள்.

மீந்த பெயிண்டைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, நிறமும் தேதியும் எழுதி நிழலில் வையுங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஆடை கட்டாது. கல் பட்டுத் தெறித்த இடத்தைச் சோப்பால் கழுவி, ஈரம் காய்ந்ததும் ஒரு பொட்டு பிரைமர், மறுநாள் ஒரு பொட்டு நிறம். அன்றன்றைக்கே பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை.